உயிர்களுக்கு எத்தனை உலகம்?

தூத்துக்குடி உப்பளங்களில் கோடை முற்றும்போது பாத்தியில் தேங்கிய நீர் சுண்டச் சுண்ட நிறம் மாறும். கடல்நீராக உள்ளே வந்தது, உப்பு படியத் தொடங்கும் கட்டத்தில் வெளிர்சிவப்பாகத் தெரியும். சில பாத்திகளில் செங்கல் நிறமே வந்துவிடும். ஈரம் சரியாக வற்றாத கருவாட்டின் மேல் படரும் செந்நிறத்தையும் மீன் வியாபாரிகள் அறிவார்கள். உப்பை விரும்பி வாழும் நுண்ணுயிர்களே இரண்டு இடத்திலும் வேலை செய்கின்றன. பாத்தியில் சிலசமயம் ஒருவகைப் பாசியும் துணைக்குச் சேரும்.

கடல்நீரைவிட எட்டு ஒன்பது மடங்கு உப்பேறிய நீரில் சாதாரண உயிர் எதைப் போட்டாலும் அதன் உடலிலுள்ள நீர் வெளியேறிச் சுருங்கிச் சாகும். இவை தம் உடலுக்குள் பொட்டாசியம் உப்பை நிரப்பி வைத்துக்கொண்டு வெளியுப்பைச் சமாளிக்கின்றன. நல்ல தண்ணீரில் விட்டால்தான் இவை உடைந்து அழியும். 1980இல் சினாய் தீபகற்பத்தின் உப்புக் குட்டை ஒன்றிலிருந்து ஆன்டனி வால்ஸ்பி கண்டுபிடித்த வகை இன்னும் விசித்திரம்: தட்டையான, மூலை நான்கும் தெளிவாகத் தெரியும் சதுரம்.

இவை யார்? 1975இல் எந்த நுண்ணுயிரியல் பேராசிரியரைக் கேட்டிருந்தாலும், யோசிக்காமல் ‘பாக்டீரியா’ என்றிருப்பார். இவற்றில் ஒன்றுக்கு ‘ஹாலோபாக்டீரியம்’ என்றே பெயர்; அந்தப் பெயர் இன்றுவரை மாறவில்லை. கருத்து மட்டும் தலைகீழாக மாறிவிட்டது. உப்பளத்துச் செந்நிறத்துக்குக் காரணமான உயிருக்கும் நம் குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கும் உள்ள உறவு, அந்த ஈ. கோலைக்கும் நமக்கும் உள்ள உறவைவிட நெருங்கியதன்று. மாறாக, உப்பளத்து உயிர் நமக்குத்தான் கொஞ்சம் பக்கத்து உறவு. இப்படியொரு முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்பதுதான் உயிர்களைப் பெரும்பிரிவுகளாகப் பிரித்த கதையின் மிகச் சுவையான பகுதி.

கண்ணால் பார்த்துப் பிரிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும் வழி. தொல்காப்பிய மரபியல், எந்த உயிரின் இளமைக்கும் ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன பெயர் என்று வரிசையாகச் சொல்லும் இடத்தில், உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் ஆறாக அடுக்குகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு மட்டும்; சங்கு, சிப்பி இனத்துக்குச் சுவையும் சேரும்; கறையானுக்கும் எறும்புக்கும் மோப்பம்; நண்டுக்கும் தும்பிக்கும் பார்வை; விலங்குக்குச் செவி; மனிதருக்கு மனம். புல்லையும் உயிர்வரிசையில் சேர்த்ததும், எடுத்துக்கொண்ட அளவுகோலைக் கடைசிவரை விடாததும் பெரிய காரியங்கள். ஆனால் இது படிக்கட்டு. எது மேலே, எது கீழே என்று படிக்கட்டு சொல்லும். யார் யாருக்கு உறவு என்று சொல்லாது. இதை இன்றைய உயிரியலுக்கு முன்னோடி என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் விலங்குகளைச் செங்குருதி உள்ளவை, இல்லாதவை என்று பிரித்தார். டால்பின் மூச்சு விடுவதையும் குட்டிக்குப் பால் கொடுப்பதையும் பார்த்து மீன்களிலிருந்து தனியே வைத்தார். அவர் கட்டியதும் கடைசியில் ஒரு படிக்கட்டுதான்.

சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1735இல் ‘இயற்கையின் ஒழுங்கு’ என்ற நூலின் முதல் பதிப்பை வெளியிட்டார். பக்கங்கள் பன்னிரண்டுக்கு மேல் இல்லை. கல், தாவரம், விலங்கு என்று மூன்று உலகங்கள் அதில் இருந்தன. உயிருள்ளவை என்று பார்த்தால் இரண்டே. 1758இல் வந்த பத்தாம் பதிப்பில் திமிங்கலத்தை மீன்களிலிருந்து எடுத்துப் பாலூட்டிகளில் சேர்த்தார். மனிதனைக் குரங்குகளோடு ஒரே வரிசையில் உட்காரவைத்தார். இவ்வளவு துணிந்தவருக்கும் ஓர் இடத்தில் கை ஓடவில்லை. டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் லேவன்ஹுக் 1670கள், 80களிலேயே தாம் தேய்த்த கண்ணாடி வில்லையில் குளத்து நீரையும் பல்லழுக்கையும் பார்த்து, அங்கே ஆயிரக்கணக்கில் நெளிந்த உயிர்களைப் பற்றி லண்டனுக்குக் கடிதங்கள் எழுதியிருந்தார். அவற்றை எங்கே வைப்பது என்று லின்னேயஸுக்குத் தெரியவில்லை. புழுக்களின் பிரிவில், கடைசி மூலையில், ‘கேயாஸ்’ என்று ஒரு பேரினத்தை உண்டாக்கி அதில் தள்ளிவிட்டார். குழப்பம் என்பதற்கான சொல்லையே பெயராக வைத்த நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்.

அடுத்த இருநூறு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். 1859இல் டார்வின், ஒத்த சாயலுக்குக் காரணம் ஒரே மூதாதை என்றார். அன்றிலிருந்து வகைப்பாடு என்பது வம்சாவளி எழுதும் வேலை ஆயிற்று. 1866இல் ஜெர்மனியின் ஹேக்கல், செடியுமாகாத விலங்குமாகாத நுண்ணுயிர்களுக்குப் புரோட்டிஸ்டா என்ற மூன்றாம் உலகத்தைக் கொடுத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தபின், செல்லுக்குள் கரு உள்ளவை, கரு இல்லாதவை என்ற பிளவு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிந்தது. 1969இல் அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் விட்டேகர் இதையெல்லாம் சேர்த்து ஐந்துலக வகைப்பாட்டை முன்வைத்தார்: மொனிரா, புரோட்டிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு. பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ஐந்து இவைதாம். தாவரம் உணவைத் தயாரிக்கிறது, விலங்கு விழுங்குகிறது, பூஞ்சை வெளியே செரிக்கவைத்து உறிஞ்சுகிறது என்று பிழைப்பு வழியை வைத்துப் பூஞ்சைக்குத் தனி உலகம் கொடுத்தது அவருடைய நல்ல முடிவு.

சிக்கல் மொனிராவில் இருந்தது. கரு இல்லாத எல்லாம் அதற்குள். இல்லாமையை வைத்துச் செய்த பிரிவு அது. முதுகெலும்பு இல்லாதவை என்று சொன்னால் நண்டும் நத்தையும் நாடாப்புழுவும் ஒன்றாக வந்து விழும். அதனால் அவை அண்ணன் தம்பி ஆகிவிடா. கருவில்லாத உயிர்களுக்குள் யார் யாருக்கு உறவு என்று அறிய எவரிடமும் வழி இல்லை. உருண்டை, குச்சி, சுருள் என்று மூன்று நான்கு உருவங்களுக்குமேல் அவற்றிடம் பார்க்க ஒன்றுமில்லை. அவற்றின் வம்சாவளியை எழுதவே முடியாது என்று பெரிய நுண்ணுயிரியலாளர்களே கைவிட்டிருந்தார்கள்.

கைவிடாதவர் கார்ல் வூஸ். 1928இல் பிறந்த இந்த அமெரிக்கர் முறையாக நுண்ணுயிரியல் படித்தவர் இல்லை. இயற்பியல் படித்து, யேல் பல்கலைக்கழகத்தில் உயிரியற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, 1964இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மூலக்கூறுகளுக்குள் வரலாறு பதிந்திருக்கிறது என்ற கருத்தை லைனஸ் பாலிங்கும் எமில் சுக்கர்கான்டலும் 1965இல் எழுதியிருந்தார்கள். எந்த மூலக்கூறைப் படிப்பது என்பதுதான் கேள்வி. வூஸ் ரைபோசோமைத் தேர்ந்தெடுத்தார்.

ரைபோசோம் என்பது செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் கருவி. யானையிலும் உண்டு, அருகம்புல்லிலும் உண்டு, காலரா கிருமியிலும் உண்டு. அது இல்லாமல் எந்தச் செல்லும் பிழைக்காது. அதன் ஒரு பாகமான ரைபோசோம் ஆர்.என்.ஏ. நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட சரம்; பாக்டீரியாவில் ஏறத்தாழ 1,500 எழுத்துகள். தலைமுறை தலைமுறையாக இது படியெடுக்கப்படுகிறது. உ.வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் ஒரே நூலின் பல ஏட்டுப் பிரதிகளை அருகருகே வைத்துப் பார்த்தார்கள். ஒரே பிழை இரண்டு ஏட்டிலும் இருந்தால், இரண்டும் ஒரே தாய்ப் பிரதியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். பாடபேதம் கூடக் கூட, கிளை பிரிந்த காலமும் பின்னால் போகும். வூஸ் உயிர்களிடம் செய்தது இதே வேலை.

சொல்ல எளிது. அன்று ஓர் ஆர்.என்.ஏ. சரத்தை முழுதாகப் படிக்கும் கருவி இல்லை. நுண்ணுயிரைக் கதிரியக்கப் பாஸ்பரஸ் கலந்த ஊட்டத்தில் வளர்ப்பார்கள். அதன் ஆர்.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, ஒரு நொதியால் சிறு துண்டுகளாக வெட்டுவார்கள். துண்டுகளை மின்புலத்தில் ஓடவிட்டுப் பரப்பி, எக்ஸ்ரே படலத்தில் பதிவெடுப்பார்கள். வருவது கரும்புள்ளிகளின் கூட்டம். ஒவ்வொரு புள்ளியும் எந்தத் துண்டு என்று கண்டுபிடிக்க, அதை மறுபடி வெட்டி மறுபடி பார்க்க வேண்டும். ஒளிப்பலகையில் படலங்களை மாட்டி வைத்துக்கொண்டு வூஸ் நாள் முழுதும் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். ஓர் உயிரைப் படித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும். இப்படிப் பத்தாண்டு. உலகத்தில் அந்தப் புள்ளிகளைப் பார்த்தவுடன் படிக்கத் தெரிந்தவர் அநேகமாக அவர் ஒருவர்தான். அவருடைய சக ஆய்வாளர்களுக்கே இது பித்துப் பிடித்த வேலையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

அதே பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் வுல்ஃப் மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களை வளர்த்துவந்தார். காற்றின் ஆக்சிஜன் பட்டாலே சாகும் உயிர்கள் அவை, வளர்ப்பதே தனிக்கலை. அவற்றில் ஒன்றின் ஆர்.என்.ஏ.யை 1976இல் வூஸ் படித்தபோது, பாக்டீரியா எல்லாவற்றிலும் தவறாமல் தெரிந்த சில துண்டுகளைக் காணவில்லை. வேறு எதையோ எடுத்துவிட்டோமா என்று மறுபடி செய்தார். அதே முடிவு. கருவுள்ள செல்களின் துண்டுகளோடும் பொருந்தவில்லை. பாக்டீரியாவும் இல்லை, கருவுள்ளவையும் இல்லை. அடுத்தடுத்து வேறு மீத்தேன் உயிர்களைப் படித்தார். அவை தங்களுக்குள் ஒத்துப்போயின. உப்புவிரும்பிகளும், கொதிக்கும் அமிலச் சுனைகளில் வாழும் சில உயிர்களும் அதே குடும்பம் என்று பிறகு தெரிந்தது.

வூஸும் அவருடைய சக ஆய்வாளர் ஜார்ஜ் ஃபாக்ஸும் எழுதிய கட்டுரை 1977 நவம்பரில் வந்தது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் முதல் பக்கத்தில் செய்தி போட்டது. அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. சக அறிவியலாளர்கள் படித்து எடைபோடும் முன்பே செய்தித்தாளில் வந்த கண்டுபிடிப்பு என்றால் பல பேருக்கு எரிச்சல். நோபல் பரிசு பெற்ற சால்வடார் லூரியா, வுல்ஃபைத் தொலைபேசியில் அழைத்து, இந்த அபத்தத்திலிருந்து விலகிக்கொள், இல்லாவிட்டால் உன் பெயர் கெடும் என்ற பொருள்பட எச்சரித்தார்; வுல்ஃபே பின்னாளில் இதை எழுதியிருக்கிறார். கூச்ச சுபாவியான வூஸ் மாநாடுகளில் போய் வாதாடுகிறவரும் இல்லை. அமெரிக்காவில் பெரும்பாலோர் மறுத்துப் பேசக்கூட இல்லை, கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ஜெர்மனியில் நிலைமை வேறு. மியூனிக்கில் ஓட்டோ கண்ட்லர், பாக்டீரியாவின் செல்சுவரில் இருக்கும் அடையாளப் பொருள் மீத்தேன் உயிர்களிடம் இல்லை என்று தம் வழியில் ஏற்கெனவே பார்த்திருந்தார். அவருக்கு வூஸின் முடிவு உடனே பொருந்தியது.

1990இல் வூஸும் கண்ட்லரும் மார்க் வீலிஸும் சேர்ந்து, உலகங்களுக்கும் மேலே மூன்று பேருலகங்களை முன்வைத்தார்கள்: பாக்டீரியா, ஆர்க்கியா (மீத்தேன் உயிர்களும் உப்புவிரும்பிகளும் அடங்கிய அந்தப் புதுக் குடும்பம்), கருவுள்ள உயிர்கள். விட்டேகரின் ஐந்தில் நான்கு, அதாவது செடி, விலங்கு, பூஞ்சை, புரோட்டிஸ்டா எல்லாம் மூன்றாம் பேருலகத்தின் உள்ளே அடங்கிவிட்டன. மிச்சமிருந்த மொனிரா இரண்டாக உடைந்து, ஒவ்வொரு துண்டும் அந்த நான்கின் கூட்டுத்தொகைக்குச் சமமான தகுதி பெற்றது.

இதைப் பொறுத்துக்கொள்ளாத பெரியவர் எர்ன்ஸ்ட் மேயர். இருபதாம் நூற்றாண்டின் பரிணாமவியலைக் கட்டியவர்களில் ஒருவர். அடிப்படையில் பறவை ஆய்வாளர். 1998இல், தொண்ணூறு வயதைத் தாண்டியபின், நீண்ட கட்டுரை எழுதி எதிர்த்தார். பறவையில் மட்டும் ஏறத்தாழ பத்தாயிரம் இனங்கள். ஆர்க்கியாவில் அறியப்பட்டவை சில நூறு. பாக்டீரியாவையும் ஆர்க்கியாவையும் சாதாரண உயிரியலாளர் பக்கத்தில் வைத்தால் வேறுபாடே சொல்ல முடியாது. இவற்றுக்கு எதற்கு ஒரு பேருலகம் என்பது அவர் வாதத்தின் சாரம். வூஸ் பதில் எழுதினார்: வகைப்பாடு வரலாற்றைக் காட்ட வேண்டும், பார்க்கிறவருடைய கண்ணின் வசதியை அல்ல. மேயர் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று சிலகாலம் நினைக்க இடமிருந்தது. எனக்கு அது இன்று இல்லை. ஏனென்றால், 1996இலேயே ஓர் ஆர்க்கியாவின் முழு மரபணுத் தொகுதி படிக்கப்பட்டுவிட்டது. பசிபிக் கடலடி வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த மீத்தேன் உயிர் அது. அதன் மரபணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அதுவரை அறிவியல் பார்த்திராதவை. மேயர் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்தவை உள்ளே அவ்வளவு வேறு.

வேறுபாடு செல்லின் தோலிலேயே தொடங்குகிறது. பாக்டீரியாவுக்கும் நமக்கும் செல்சவ்வு நேரான கொழுப்பமிலச் சங்கிலிகளால் ஆனது. ஆர்க்கியாவின் சவ்வில் கிளைவிட்ட வேறுவகைச் சங்கிலிகள், வேறுவகை வேதிப்பிணைப்பு. அந்தச் சங்கிலிகள் தொங்கும் கிளிசரால் பாஸ்பேட் மூலக்கூறுகூட நம்முடையதன் கண்ணாடிப் பிம்பம். ஆனால் டி.என்.ஏ.யைப் படியெடுக்கும், ஆர்.என்.ஏ.வாக எழுதும் பொறிகளைப் பார்த்தால் ஆர்க்கியா பாக்டீரியாவை விட்டு விலகி நம் பக்கம் நிற்கிறது.

இவை எங்கோ கொதிநீரில் மட்டும் வாழ்கிறவை என்று நினைக்க வேண்டாம். மாட்டின் அசைபோடும் இரைப்பையில் மீத்தேன் உண்டாக்குவது ஆர்க்கியா. தஞ்சை வயலில் நீர் கட்டி நிற்கும் சேற்றுக்குள், காற்றுப் புகாத அடியில், அதே வேலை நடக்கிறது. சாண எரிவாயுக் கலனில் அடுப்புக்கு வாயு கொடுப்பதும், நம்மில் பலருடைய பெருங்குடலில் குடியிருப்பதும் இவையே. இத்தனைக்கும், மனிதனுக்கு நோய் தரும் கிருமி என்று உறுதியாகச் சொல்ல ஆர்க்கியாவில் ஒன்றும் இதுவரை இல்லை. மருத்துவர்கள் கண்ணில் இவை நெடுநாள் படாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மூன்று பேருலகத்தோடு கதை முடிந்ததா என்றால், 2015இல் அதுவும் ஆட்டம் கண்டது. நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் இடையே ஆர்க்டிக் கடலடியில் ‘லோகியின் கோட்டை’ என்று பெயரிட்ட வெந்நீர் ஊற்று வெளி ஒன்று உண்டு. அதன் அருகே எடுத்த சேற்றிலிருந்த டி.என்.ஏ.யைப் படித்தவர்கள் ஒரு புது ஆர்க்கியாக் குடும்பத்தைக் கண்டார்கள். கருவுள்ள செல்களுக்கு மட்டுமே உரியவை என்று நம்பப்பட்ட மரபணுக்கள் பல அதில் இருந்தன. செல்லின் உருவத்தை வளைக்கும் எலும்புக்கூட்டுப் புரதங்கள்கூட. உயிரை யாரும் பார்க்கவில்லை, டி.என்.ஏ. மட்டும்தான் கிடைத்தது, அசுத்தம் கலந்துவிட்டது என்று ஐயப்பட்டவர்களும் உண்டு.

அந்தக் குடும்பத்து உயிர் ஒன்றை வளர்க்கும் வேலையில் ஜப்பானில் ஹிரோயுகி இமாச்சியின் குழு ஏற்கெனவே இறங்கியிருந்தது, தாம் தேடுவது இதுதான் என்று அறியாமலே. 2006இல் நான்காய் அகழியில் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்துச் சேற்றை எடுத்துவந்து, மீத்தேனை ஊட்டி, 2,000 நாளுக்கும் மேல் ஒரு தொட்டியில் வளர்த்தார்கள். பிறகு அதிலிருந்து சிறிது சிறிதாகப் பிரித்தெடுத்து வளர்த்தார்கள். ஈ. கோலை இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இந்த உயிருக்கு ஒருமுறை இரட்டிக்க இரண்டு மூன்று வாரம் வேண்டும். 2020இல் அவர்கள் வெளியிட்ட படத்தில் சிறு உருண்டை ஒன்று, உடலிலிருந்து கிளைவிட்டு நீளும் கைகளோடு இருந்தது. தனியாக வாழாது, பக்கத்தில் வேறொரு நுண்ணுயிர் துணை இருந்தால்தான் வளரும்.

இதை வைத்து இன்று பலர் சொல்வது: இப்படிப்பட்ட ஓர் ஆர்க்கியா, ஏறத்தாழ இரண்டு பில்லியன் ஆண்டுகளுக்கு முன்பு, பக்கத்துப் பாக்டீரியா ஒன்றைத் தன்னுள் வாங்கிக்கொண்டது. அந்தப் பாக்டீரியாதான் இன்று நம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா. இரண்டாம் பகுதியை லின் மார்குலிஸ் 1967இலேயே எழுதினார். அந்தக் கட்டுரையைப் பத்துக்கும் மேற்பட்ட ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பின. மனித மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இன்றும் தனி டி.என்.ஏ. இருக்கிறது, பாக்டீரியாவில் உள்ளதுபோல வளையமாக, 37 மரபணுக்களோடு. அப்படியானால் கருவுள்ள உயிர்கள் தனிப் பேருலகம் ஆகா. ஆர்க்கியாவின் ஒரு கிளை, பாக்டீரியாவோடு கலந்த கிளை. பேருலகம் இரண்டே என்போர் கை இப்போது ஓங்கியிருக்கிறது. வூஸ் 2012இல் காலமாகிவிட்டார். தாம் பிரித்த மூன்றில் இரண்டு ஒன்றானதை அவர் எப்படி ஏற்றிருப்பார் என்று ஊகிப்பது சுவையான பொழுதுபோக்கு.

இந்தப் பெரும்பிரிவு விவகாரமெல்லாம் ஆய்வகத்தோடு நிற்பதில்லை. கொல்லிமலையிலோ வயநாட்டிலோ மிளகு போட்டிருப்பவரைக் கேளுங்கள். தென்மேற்குப் பருவமழையில் கொடியின் அடித்தூர் அழுகி, இலை கறுத்து உதிர்ந்து, சில வாரத்தில் கொடியே சாகும். காரணம் ஃபைட்டோஃப்தோரா. நூல்நூலாக வளரும், வித்து பரப்பும். பூஞ்சையென்றே பாடநூல்கள் எழுதின. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்தைக் கொண்டுவந்ததும் இதே பேரினம். ஆனால் இது பூஞ்சை இல்லை. டயாட்டங்களுக்கும், மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கும் பழுப்புக் கடற்பாசிக்கும் சொந்தம். இதன் செல்சுவர் பெரும்பாலும் செல்லுலோஸ் வகை. பூஞ்சையினுடையதோ நண்டு ஓட்டில் உள்ள கைட்டின். பூஞ்சைக்கொல்லிகளில் ஒரு பெரும் வகை, எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைப் பூஞ்சை தயாரிப்பதைத் தடுத்து வேலை செய்கிறது. ஃபைட்டோஃப்தோரா அதைத் தயாரிப்பதே இல்லை. கார்பென்டசிம் என்ற மற்றொரு பூஞ்சைக்கொல்லி அடிக்கும் புரதமும் இதனிடம் அசைந்துகொடுக்காது. போர்டோ கலவையும் மெட்டலாக்சிலும் கேட்கும். உயிரை எந்த உலகத்தில் வைக்கிறோம் என்பது இங்கே மருந்துக்கடையில் கொடுக்கும் பணத்தின் கேள்வி.

உண்மையான பூஞ்சையின் கதை இதற்கு நேர் எதிர். காளானைக் காய்கறிக்கடையில் விற்கிறோம். 1993இல் வந்த மூலக்கூறு ஆய்வுகள் அது காய்கறியைவிட நமக்கே நெருங்கிய உறவு என்று காட்டின. விலங்குகளும் பூஞ்சைகளும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தவை. உறவு நெருங்கினால் மருத்துவம் கடினம். 2021இல் கொரோனாவின் பின்னே கறுப்புப் பூஞ்சை பரவியபோது ஆம்போடெரிசின் மருந்துக்கு நாடு அலைந்தது நினைவிருக்கும். அந்த மருந்து பூஞ்சையின் எர்கோஸ்டெராலைப் பற்றிச் சவ்வைத் துளைக்கும். நம் சவ்வில் உள்ள கொலஸ்டெரால் அதற்குக் கிட்டத்தட்ட அதே சாயல். ஆகவே சிறுநீரகமும் அடிபடும். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் நம்மை அவ்வளவாகத் தொடாததற்குக் காரணம் அது நமக்குத் தொலைதூர உறவு என்பதுதான். மலேரியா ஒட்டுண்ணியிடம் இன்னொரு வேடிக்கை. எப்போதோ ஒரு பாசியை விழுங்கிய பரம்பரை அது. பச்சையம் இழந்த அந்தப் பாசியின் எச்சம் இன்னும் அதன் உடலுக்குள் இருக்கிறது. டாக்சிசைக்ளின் அந்த எச்சத்தைத் தாக்கித்தான் மலேரியாவுக்கு உதவுகிறது.

ஆக, ஹேக்கலும் விட்டேகரும் புரோட்டிஸ்டா என்று கட்டிய மூட்டை அவிழ்ந்துபோயிற்று. அதற்குள் இருந்தவை ஒரு குடும்பமே இல்லை. செடிக்கும் விலங்குக்கும் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம் ஒன்றுக்கொன்று விலகிய பல குடும்பங்கள். அந்தப் பட்டியல் இன்னும் முடியவில்லை. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஆய்வு மாணவி ஒருவர் காட்டுவழியில் நடந்தபோது எடுத்துவந்த மண்ணில் இருந்த ஒற்றைச் செல் உயிர்களின் மரபணுக்களைப் படித்தபோது, அவை அறியப்பட்ட எந்தப் பெரும்பிரிவிலும் சேராத தனிக்கிளை என்று 2018இல் தெரிந்தது. மலைச்சிகரத்தில் புதுக் குரங்கு கிடைத்தால் தலைப்புச் செய்தியாகும். விலங்கு உலகம் முழுவதற்கும் நிகரான ஒரு கிளை ஒரு பிடி மண்ணில் கிடைத்தது பலருக்குத் தெரியவே தெரியாது.

எடை போட்டுப் பார்த்தாலும் நம் கண் எவ்வளவு ஏமாற்றுகிறது என்று புரியும். 2018இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பூமியிலுள்ள உயிர்ப்பொருளைக் கார்பன் கணக்கில் மதிப்பிட்டார்கள். மொத்தம் ஏறத்தாழ 550 கிகா டன். தாவரம் 450, பாக்டீரியா 70, பூஞ்சை 12, ஆர்க்கியா 7. யானை, திமிங்கலம், எறும்பு, இறால், கால்நடை, மனிதன் எல்லாம் சேர்ந்த விலங்குலகம் 2.

தேர்வில் கேட்டால் ஐந்துலகம் என்றே எழுதுங்கள். விட்டேகர், 1969 என்று சேர்த்து எழுதினால் மதிப்பெண் உறுதி. ஆனால் வகுப்பில் இதை நடத்தும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐந்து பெட்டிகளைக் கரும்பலகையில் வரைந்த கையோடு, மொனிரா ஏன் உடைந்தது, புரோட்டிஸ்டா ஏன் சிதறியது என்பதற்கும் அரை மணி ஒதுக்குங்கள். அந்த அரை மணியில்தான் உயிரியல் இருக்கிறது.